இடிமழை முன்னறிவிப்பில் வாஷிங்டன் டிசி: அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

எடிசன் குமரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் சனி, ஞாயிறு அப்பா அம்மாவை வாஷிங்டன் டிசி கூட்டிப் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை விடிகாலையில் நியூஜெர்சி மெட்ரோபார்க்கில் ரயில் ஏறினால் ஒன்பதரை வாக்கில் யூனியன் ஸ்டேஷன். இரவு அங்கேயே ஓட்டல். ஞாயிறு மாலை ஏழு மணி ரயிலில் திரும்ப வேண்டும்.

இப்போது வானிலை அறிக்கையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு நாளும் வெயில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிற்பகலில் 70 சதவீதம் இடிமழை, பலத்த காற்று என்று போட்டிருக்கிறார்கள்.

சனி 11 மணிக்கு விண்வெளி மியூசியத்துக்கு நேரச்சீட்டு எடுத்தாயிற்று. அன்றே சாயங்காலம் 4 மணிக்கு வாஷிங்டன் மானுமென்ட் என்கிற உயரமான கல்தூணின் உச்சிக்குப் போக டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலை உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் நிதானமாக லிங்கன் மெமோரியல் வரை நடக்கலாம் என்று நினைத்தேன். நடுவில் அந்த மாடி திறந்த சுற்றுலா பஸ்ஸில் ஏறலாமா என்றும் ஒரு யோசனை.

அப்பாவுக்கு 71 வயது, நன்றாக நடப்பார். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். லிங்கன் சிலைக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்று ஊரில் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி. கால் மணி நேரம் நடந்தால் உட்கார இடம் தேடுவார். இடி என்றால் பயமும் உண்டு. வீட்டிலேயே இடி இடித்தால் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு நடு ஹாலில் உட்கார்ந்துகொள்வார்.

மாதக் கடைசியில் இருவரும் இந்தியா திரும்புகிறார்கள். தள்ளிப்போட்டால் இந்தத் தடவை டிசி இல்லை என்றே அர்த்தம். மனைவி "கொட்டுற மழையில் போய் என்னத்தைப் பார்க்கப்போறீங்க" என்கிறாள். அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள், போகலாமா வேண்டாமா?

சாம்பல் குடை எழுதியது:

என்னைக் கேட்டால் ரத்து செய்துவிடுங்கள். போன கோடையில் மாமனார் மாமியாரோடு நாங்கள் போனோம். நீங்கள் சொல்லும் அதே மாதிரி மாடி திறந்த பஸ்தான். டைடல் பேசின் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது வானம் கறுத்தது. அடுத்த நிறுத்தத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டு "இன்றைக்குச் சேவை அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார்கள். பஸ் காலியாகப் போய்விட்டது. சுற்றிலும் செர்ரி மரங்களும் தண்ணீரும்தான், ஒதுங்க ஒரு திண்ணை இல்லை. வாடகைக் காருக்கு போனைத் தட்டினால் எல்லோரும் அதையே தட்டிக்கொண்டிருக்கிறார்கள், விலை மூன்று மடங்கு. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "வானிலைக்கு நாங்கள் பொறுப்பில்லை, டிக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள்" என்று பதில் வந்தது. மாமியார் மறுநாள் முழுக்கக் காய்ச்சலில் ஓட்டல் அறையை விட்டு வெளியே வரவில்லை.

வயசானவர்களை வைத்துக்கொண்டு இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

ஆற்றுக்கு அக்கரை எழுதியது:

குமரன் தம்பி, ரத்து செய்யாதீங்க. வரிசையை மட்டும் மாற்றுங்க.

நான் பொட்டோமாக் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆர்லிங்டனில் இருப்பவள். ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் வீடு ஒரு சத்திரம் மாதிரி. யாராவது ஒருவருடைய பெற்றோர் வந்துகொண்டே இருப்பார்கள், அவர்களை டிசி கூட்டிப் போவது என் வேலை. ஜூலை ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை இல்லாத வாரத்தைத் தேடினால் வருஷம் போய்விடும். அதற்குப் பயந்தால் இந்த ஊரில் யாருமே எதையும் பார்க்க முடியாது.

ஒரு விஷயம் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்துவிடும். நேஷனல் மால் என்கிற அந்தப் பச்சைத் திடல் கேபிடலில் தொடங்கி லிங்கன் வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர். நடுவில் மானுமென்ட். மானுமென்ட்டுக்குக் கிழக்கே இரண்டு பக்கமும் பெரிய பெரிய கட்டடங்கள்: விண்வெளி, இயற்கை வரலாறு, அமெரிக்க வரலாறு, நேஷனல் கேலரி, எதிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. மழை தூறினால் எட்டு அடியில் ஒரு வாசல். மேற்கே அப்படியில்லை. இரண்டாம் உலகப் போர் நினைவிடம், நீள்குளம், வியட்நாம் சுவர், கொரியப் போர் வீரர்கள் என்று லிங்கன் வரைக்கும் எல்லாம் வெட்டவெளி. பக்கத்தில் மெட்ரோவும் இல்லை. ஃபாகி பாட்டம் ஸ்டேஷன் ஒரு மைல் தூரம், அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. மழையும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான், எங்கள் பக்கம் ஆற்றைத் தாண்டித்தான் வரும்.

ஆக மேற்கைக் காலையில் முடிக்க வேண்டும், கிழக்கை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் போட்டிருப்பது சரியாகத் தலைகீழ்.

அப்புறம் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை கேபிடலில் சுற்றிக்காட்டுவது கிடையாது, திங்கள் முதல் சனி வரைதான். அதனால் சனிக்கிழமை ரயிலை விட்டு இறங்கியதும் பையை ஓட்டலில் போட்டுவிட்டு நேரே கேபிடலுக்குப் போங்கள். பார்வையாளர் வாசல் கிழக்குப் பக்கம், தரைக்குக் கீழே இறங்கும். யூனியன் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான் என்றாலும் அம்மாவுக்காக டாக்ஸி பிடியுங்கள். டிக்கெட் இலவசம், இன்றைக்கே இணையத்தில் பதிந்துவிடுங்கள். புளிசாதம் டப்பா, தண்ணீர் நிரப்பிய பாட்டில் எதையும் உள்ளே விடமாட்டார்கள். காலி பாட்டில் சரி. என் சித்தி வாசலில் நின்று ஒரு டப்பா தேங்காய்ப் பர்பியை எங்கள் எல்லோர் வாயிலும் திணித்துக் காலி செய்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கேபிடலை முடித்துவிட்டு வெளியே வரவே வேண்டாம். அந்தப் பார்வையாளர் மையத்திலிருந்து தரைக்கடியிலேயே ஒரு சுரங்கப்பாதை காங்கிரஸ் நூலகத்தின் ஜெஃபர்சன் கட்டடத்துக்குப் போகிறது. 2008ல் மையம் திறந்தபோது வந்த பாதை. மேலே வானம் பிளந்துகொண்டிருந்தாலும் உள்ளே ஒரு சொட்டு விழாது. அந்தக் கட்டடத்தின் பெரிய கூடத்தில் அம்மாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பளிங்குப் படிகள், விதானத்தில் ஓவியம், பித்தளை பதித்த தரை. என்னைக் கேட்டால் கேபிடலைவிட அழகு இதுதான். 1450களில் அச்சடித்த குட்டன்பெர்க் பைபிளும் அங்கே இருக்கிறது. இதற்கும் இலவச நேரச்சீட்டு வேண்டும், ஞாயிறும் திங்களும் விடுமுறை. அதனால்தான் சனிக்கிழமையே போகச் சொல்கிறேன்.

விண்வெளி மியூசியத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சீட்டு இலவசம்தான். முன்பதிவு தீர்ந்திருந்தாலும் அன்றன்று காலையில் கொஞ்சம் இணையத்தில் விடுவார்கள்.

மானுமென்ட்டுக்கு 4 மணி டிக்கெட்டை நம்பாதீர்கள். மின்னலோ பலத்த காற்றோ வந்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பதிலாக ஞாயிறு காலை 15ஆம் தெருவில் மானுமென்ட்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் கட்டடத்துக்குப் போனால் அன்றைய டிக்கெட் காசில்லாமல் தருவார்கள், 8:45க்குத் திறக்கும். அப்பா முன்னால் போய் வரிசையில் நிற்கட்டும்.

பஸ் டிக்கெட் வேண்டவே வேண்டாம், அதில் சாம்பல் குடை சொன்னதை நான் ஆமோதிக்கிறேன்.

மேகம் பார்ப்பவன் எழுதியது:

அக்கா சொன்ன வரிசை சரி. வானிலைப் பக்கத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

முன்னறிவிப்பில் 70 சதவீதம் என்று போட்டால் நாள் முழுக்க மழை என்று பொருள் இல்லை. ஒரு இடத்தில் ஒரு நாளில் இடிமழை அரை மணி, முக்கால் மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும், அவ்வளவுதான். காலையில் வெயில் தரையைச் சுடவைக்கிறது, தெற்கிலிருந்தும் கடல் பக்கமிருந்தும் ஈரக்காற்று வருகிறது. மேற்கே புளூ ரிட்ஜ் மலைத்தொடரில் பெரும்பாலும் மத்தியானவாக்கில் மேகம் திரள ஆரம்பிக்கும். அது கிழக்கே நகர்ந்து டிசிக்கு வர நாலு, ஐந்து, சில நாள் ஏழு மணிகூட ஆகும். மத்தியானம் ஒரு மணிக்கு தேசிய வானிலைச் சேவையின் ரேடார் படத்தைத் திறந்து மலைப்பக்கம் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு மூன்று மணி நேர அவகாசம் உங்களுக்கு உண்டு.

ஆனால் எல்லா மழையும் இந்தக் கணக்குக்குள் வராது. 2012 ஜூன் 29 அன்று நடுமேற்கிலிருந்து கிளம்பிய ஒரு புயல்காற்று வரிசை அரை நாளில் இங்கே வந்து சேர்ந்தது, அதுவும் இரவு பத்து மணிக்கு மேல். மரங்கள் சாய்ந்து, இந்த வட்டாரத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை, சில இடங்களில் ஒரு வாரம். அதனால் 'வாட்ச்', 'வார்னிங்' என்ற இரண்டையும் கவனியுங்கள். வாட்ச் என்றால் அதற்கான சூழல் இருக்கிறது, வேலையைப் பார்த்துக்கொண்டே வானத்தையும் பார். வார்னிங் என்றால் அது வந்துகொண்டிருக்கிறது, உடனே உள்ளே போ.

இன்னொன்றைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். 2022 ஆகஸ்ட் 4, மாலை ஏழு மணிக்குச் சற்று முன்னால், வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் சதுக்கத்தில் ஒரு மரத்தின் பக்கத்தில் நின்ற நான்கு பேர் மேல் மின்னல் விழுந்தது. மூன்று பேர் இறந்துபோனார்கள். அதில் கல்யாண நாளைக் கொண்டாட வெளியூரிலிருந்து வந்த வயதான தம்பதியும் உண்டு. வெள்ளை மாளிகையின் முன்னால் போட்டோ எடுக்க எல்லோரும் நிற்கிற இடம் அது.

மின்னலுக்குப் பாதுகாப்பு என்றால் நான்கு பக்கமும் மூடிய, மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் உள்ளே ஓடுகிற கட்டடம், இல்லாவிட்டால் கதவு ஜன்னல் மூடிய கார். முன்பக்கம் திறந்து கிடக்கும் நினைவிடம், கூடாரம், பஸ் நிறுத்த நிழற்குடை எதுவும் கணக்கில் வராது. இடி காதில் விழுந்தாலே மின்னல் உங்களைத் தொடும் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு வெளியே வந்தால் போதும். உங்கள் அம்மாவின் பயம் இந்த விஷயத்தில் நல்ல பயம்தான்.

சும்மா ஒரு துணுக்கு: மானுமென்ட் 555 அடி. 1884 டிசம்பரில் அதன் உச்சியில் அலுமினியக் கூம்பு ஒன்றை வைத்தார்கள். அந்தக் காலத்தில் அலுமினியம் அபூர்வமான உலோகம். அடுத்த ஆண்டு ஜூனிலேயே மின்னல் விழுந்து கூம்புக்குக் கீழே ஒரு கல் விரிசல் விட்டது. அப்புறம்தான் கூடுதல் இடிதாங்கிகள் வைத்தார்கள்.

1814 கதையும் உண்டு. ஆகஸ்ட் 24 அன்று பிரிட்டிஷ் படை வெள்ளை மாளிகைக்கும் கேபிடலுக்கும் தீ வைத்தது. மறுநாளே பெரும் புயல் அடித்து, கூரைகளைப் பிய்த்து, அந்தப் படையிலேயே சிலரைக் கொன்றது. இந்த ஊர்க் கோடை மழைக்கு அவ்வளவு பழைய பேர்.

எடிசன் குமரன் எழுதியது:

அக்காவுக்கும் மேகம் பார்ப்பவருக்கும் மிக்க நன்றி. கேபிடல் சனி காலை 10:50க்குப் பதிந்துவிட்டேன், நூலகம் 1 மணிக்கு. மனைவியிடம் இந்த இழையைக் காட்டினேன், "சரி, போய்ட்டு வாங்க, ஆனா மரத்தடியில நிக்காதீங்க" என்று இறங்கிவிட்டாள்.

இன்னும் சில சந்தேகம். லிங்கன் மெமோரியலுக்கு ஞாயிறு எத்தனை மணிக்குப் போகலாம், திறந்திருக்குமா? மெட்ரோவுக்குத் தனி கார்டு வாங்க வேண்டுமா? சர்குலேட்டர் என்று சிவப்பு பஸ் ஒன்று நேஷனல் மால் திடலைச் சுற்றி ஓடும், மலிவு என்று ஒரு பழைய பதிவில் படித்தேன், அது மழையிலும் ஓடுமா? அம்மாவுக்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? விமானமும் ராக்கெட்டும் காட்டினால் அவர் தூங்கிவிடுவார்.

ஆற்றுக்கு அக்கரை எழுதியது:

சர்குலேட்டரை 2024 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். பழைய பதிவுகளை நம்பி நிறுத்தத்தில் நிற்காதீர்கள்.

மெட்ரோவுக்குத் தனி கார்டு வேண்டாம். 2025லிருந்து உங்கள் கிரெடிட் கார்டையே வாசலில் தொட்டுவிட்டுப் போகலாம். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டில் மூன்று பேர் போக முடியாது. நூலகத்திலிருந்து வந்தால் கேபிடல் சவுத் ஸ்டேஷன் பக்கம், அதே பாதையில் ஸ்மித்சோனியன் ஸ்டேஷன் வரும், மாற வேண்டியதில்லை. ஆனால் ஸ்மித்சோனியனில் மால் பக்க வாசலில் நகரும் படிக்கட்டுதான். லிஃப்ட் இன்டிபென்டன்ஸ் அவென்யூ பக்கம் இருக்கிறது. அம்மாவை அந்தப் பக்கமாக ஏற்றுங்கள். ஈரத்தில் நகரும் படிக்கட்டின் முதல் இரண்டு படி வழுக்கும். மியூசியங்களில் சக்கர நாற்காலி காசில்லாமல் தருவார்கள், வாசலில் கேட்க வேண்டும். "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று முதலில் எல்லா அம்மாவும் சொல்வார்கள். அரை மணி நேரத்தில் அவர்களே "அந்த வண்டி இருக்கா" என்று கேட்பார்கள்.

லிங்கன் 24 மணி நேரமும் திறந்திருக்கும். ஞாயிறு ஆறரைக்குக் கிளம்பி டாக்ஸியில் போய் இறங்குங்கள். அப்போது கூட்டம் இருக்காது, வெயில் ஏறியிருக்காது, அப்பாவின் போட்டோவில் பின்னால் நாற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் விழமாட்டார்கள். சிலை 19 அடி, 28 பளிங்குக் கற்களைச் சேர்த்துச் செய்தது. கிட்டே போய்க் கையைப் பாருங்கள். ஒரு கை மூடியிருக்கும், ஒரு கை தளர்ந்திருக்கும். எட்டரைக்குள் அங்கிருந்து கிளம்பி மானுமென்ட் அடிவாரம். இறங்கிய பிறகு கிழக்குப் பக்கம் போய்விட்டால் அப்புறம் மழை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

இப்போது அம்மா விஷயம். எனக்குப் பிடித்ததை இதற்காகத்தான் வைத்திருந்தேன். ஸ்மித்சோனியன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே ஃபிரீயர் என்று ஒரு அமைதியான மியூசியம், 1923ல் திறந்தது. ஆசியக் கலைகள். அங்கே நம்ம ஊர்ச் சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்று இருக்கிறது, மூன்றரை அடி உயரம். பார்வதி வடிவில் செம்பியன் மாதேவி என்று மியூசியம் சொல்கிறது. கண்டராதித்த சோழரின் தேவி, செங்கல் கோயில்களைக் கற்கோயில்களாக மாற்றிக் கட்டியவர் என்று நாம் படித்திருப்போமே, அவர்தான். இடது கை தொங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே ஓட்டம், எங்கும் ஒரு முட்டு கிடையாது. அந்த நீண்ட தோளும் ஒல்லியான இடையும் நம் கோயில்களில் பார்க்கிற அம்மன் மாதிரி இருக்காது. முதலில் "என்ன இப்படி இருக்கு" என்று தோன்றும், பார்க்கப் பார்க்கத்தான் நகர மனம் வராது. அலங்காரம், பட்டுத்துணி, மாலை எதுவும் இல்லாமல் ஒரு திருமேனியை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது ஊரில் கிடைக்காத விஷயம். என் மாமியார் செருப்பைக் கழற்றப் போனார், காவலாளி பதறிவிட்டார். எந்தக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று வாசலில் கேளுங்கள், காட்சிப் பொருள்களை அவ்வப்போது மாற்றுவார்கள். அங்கிருந்து சாக்லர் கட்டடத்துக்குத் தரைக்கடியிலேயே வழி உண்டு.

இன்னும் தெம்பு இருந்தால் எதிர்ப்பக்கம் இயற்கை வரலாற்று மியூசியத்தில் ஹோப் வைரம். 45.52 காரட், நீலம், கோல்கொண்டா பக்கத்து கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படுவது.

மேகம் பார்ப்பவன் எழுதியது:

அக்கா சொன்ன அந்த எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பின்குறிப்பு. இயற்கை வரலாறு, அமெரிக்க வரலாறு இரண்டும் கான்ஸ்டிட்யூஷன் அவென்யூவை ஒட்டி இருக்கின்றன. அந்தச் சாலை இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் டைபர் என்ற ஓடை ஓடியது, அதைக் கால்வாயாக்கி, பிறகு மூடிச் சாலை போட்டார்கள். 17ஆம் தெரு முனையில் சின்னக் கல் வீடு ஒன்று சம்பந்தமில்லாமல் நிற்கும், அது அந்தக் கால்வாய் மதகுக்காரர் குடியிருந்த வீடு. தாழ்வான நிலம், தண்ணீர் பழைய வழியைத் தேடித்தான் வரும். 2006 ஜூன் கடைசியில் நாள் கணக்கில் பெய்த மழையில் இந்தச் சாலையே ஆறாகி, தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தள அரங்குக்குள் தண்ணீர் புகுந்தது. சுதந்திரப் பிரகடனம் மேல்தளத்தில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கனமழை பெய்து முடிந்த உடனே அந்தச் சாலையைக் குறுக்கே கடக்க அவசரப்படாதீர்கள், மியூசியத்துக்குள்ளேயே இன்னொரு மாடி பாருங்கள்.

ஈரக் கேமரா எழுதியது:

எல்லோரும் மழையை எப்படித் தவிர்ப்பது என்றே பேசுகிறீர்கள். நான் மழைக்காகவே டிசி போகிற ஆள், அதனால் ஒரு வார்த்தை.

சனிக்கிழமை மழை ஆறு, ஏழு மணிக்கு ஓய்ந்து, மேகம் பார்ப்பவர் சொன்ன அந்த 30 நிமிடமும் கடந்து, ரேடார் சுத்தமாக இருந்தால், அப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு கொரியப் போர் நினைவிடத்துக்குப் போங்கள். அம்மா ஓட்டலில் ஓய்வெடுக்கட்டும். அங்கே 19 வீரர்களின் துருப்பிடிக்காத எஃகுச் சிலைகள், ஆளைவிடப் பெரியவை, ஏழு அடிக்கு மேல். எல்லோரும் மழைக்கோட்டுப் போட்டிருப்பார்கள். காற்றில் அது உப்பிப் பின்னால் பறக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். வெயில் நாளில் அது வெறும் சிலை. மழை விட்ட கையோடு போனால் தொப்பி விளிம்பில் நிஜமாகவே தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும், முகத்தில் வழியும். பக்கத்துக் கருங்கல் சுவர் ஈரத்தில் கண்ணாடியாகி 19 பேரும் 38 பேராகத் தெரிவார்கள். இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆம் அட்சரேகைக்காக அப்படி என்பார்கள்.

அங்கிருந்து லிங்கன் சில நிமிட நடைதான். மேலிருந்து 18 படி கீழே, 1963ல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய இடத்தைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். காய்ந்திருக்கும்போது பலர் அதைத் தெரியாமலே மிதித்துக்கொண்டு போவார்கள். ஈரமானால் எழுத்து எடுப்பாகத் தெரியும். பளிங்குப் படி மழையில் மோசமாக வழுக்கும், அப்பாவுக்கு ரப்பர் அடி வைத்த ஷூ போடுங்கள், தோல் செருப்பு வேண்டாம். குடையும் வேண்டாம், காற்றில் மடங்கிவிடும். பத்து டாலருக்குள் கிடைக்கிற மழைப்போர்வை போதும். போனை ஒரு ஜிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

எடிசன் குமரன் எழுதியது:

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவையும் லிங்கன் போகலாம், சனி ராத்திரி ஒன்று, ஞாயிறு காலை ஒன்று என்கிறார்! அம்மா "அந்தச் செம்பியன் மாதேவியை முதல்ல காட்டு, மத்ததெல்லாம் அப்புறம்" என்கிறார். ஞாயிறு ஏழு மணி ரயிலுக்கு முன்னால் கடைசி இரண்டு மூன்று மணி நேரம்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மழை அந்த நேரத்தில்தான் வரும் என்று போட்டிருக்கிறது.

ஆற்றுக்கு அக்கரை எழுதியது:

தபால் துறை அப்பாவை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியா? யூனியன் ஸ்டேஷனுக்கு ஒட்டினாற்போல, தெருவைத் தாண்டினால் தேசியத் தபால் மியூசியம். 1914ல் கட்டிய பழைய தபால் நிலையக் கட்டடம், நுழைவு இலவசம். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் தபால் விமானங்கள் தொங்கும். ரயில் தபால் பெட்டி, கோச் வண்டி, விமானத்தைத் தலைகீழாக அச்சடித்துவிட்ட 1918 தபால்தலை எல்லாம் இருக்கிறது. ரயில் தபால்காரர்களோடு ஊர் ஊராகச் சுற்றிய ஓனி என்கிற நாயையும் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள், உடம்பில் மாட்டிய பட்டையில் போன ஊர்களின் வில்லைகள் தொங்கும்.

மூன்றரைக்கு முன்னால் பையோடு யூனியன் ஸ்டேஷன் பக்கம் வந்துவிடுங்கள். மழை எப்படி அடித்தாலும் அங்கிருந்து ரயிலுக்கு ஒரு தெருதான். பலத்த காற்றில் மரக்கிளை மின்கம்பியில் விழுந்து ரயில் தாமதமாவது உண்டு, அதனால் ஸ்டேஷனுக்குள் போகும் முன் போனில் ஒரு தடவை நேரத்தைப் பாருங்கள். மியூசியம் 5:30க்கு மூடும். அப்பாவை அங்கிருந்து வெளியே இழுத்து வருவது உங்கள் பொறுப்பு.